டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எந்தப் பசை?

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை வாங்கி, இன்ஜினை இறக்கி, முழுக்கப் பிரித்து, கிராங்க்கை லேத்துக்கு அனுப்பி, புது பேரிங் போட்டு, போர் அடித்து, பிஸ்டன் செட் வாங்கி வைத்திருப்பவருக்குக் கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கும். கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது நடுவில் என்ன பூசுவது? பல ஆயிரம் ரூபாய் வேலையில் இது சில நூறு ரூபாய்ச் சங்கதி. உதிரிபாகக் கடையில் "கிராங்க் கேஸுக்குப் பசை" என்று கேட்டால் கைக்கு எட்டிய டியூபை எடுத்து நீட்டுவார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கி வந்தேன். "300 டிகிரி தாங்கும்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. கசியவே கூடாது என்ற ஆசையில் தாராளமாகப் பிதுக்கிப் பூசினேன்.

மூன்றாவது வாரம் வண்டி நெடுஞ்சாலையில் நின்றது. பிஸ்டன் ஜாம். சிலிண்டரைத் தூக்கிய மெக்கானிக் அண்ணன் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்குள் இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார். வெந்த சேமியா மாதிரி ஊதிப்போன ஒரு துண்டு வந்தது. நான் பூசிய பசைதான் அது. "சூடு தாங்கும்னு போட்டிருக்கான் தம்பி, பெட்ரோல் தாங்கும்னு போட்டிருக்கானா பாரு" என்றார். அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பசை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வெப்ப அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பெட்ரோலை. அது ஏன் என்று புரிந்துகொள்ள இந்த இன்ஜின் மூச்சு விடும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் கேஸ் என்பது ஆயில் நிற்கும் தொட்டி. அங்கே பசை சரியில்லை என்றால் ஆயில் கசிந்து தரையில் சொட்டும். அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான் நுரையீரல். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே உறிஞ்சல் உண்டாகிறது. கார்பரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்த கலவை ரீட் வால்வைத் திறந்துகொண்டு கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுங்கி, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறுகிறது. இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது உறிஞ்சலும் அழுத்தமும் நொடிக்கு 100 முறை மாறி மாறி வருகின்றன. அழுத்தம் பெரிதொன்றும் இல்லை. சைக்கிள் டியூபில் இருப்பதில் சிறு பங்குதான். ஆனால் ஒரு மயிரிழைச் சந்து போதும், ஒவ்வொரு உறிஞ்சலிலும் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும்.

அப்படி வருகிற காற்று கார்பரேட்டரைத் தொடாமல் வருகிறது. அதில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. கலவை மெலிகிறது, எரிதல் சூடேறுகிறது, பிஸ்டன் விரிகிறது, விரிந்த பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலமும் குறைந்திருக்கிறது. மெதுவாக ஊருக்குள் ஓட்டும்வரை தெரியாது. நீண்ட சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்கும் நாளில்தான் தெரியும். அதற்குமுன் சில அறிகுறிகள் வரும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் ரேஸ் ஏறியே நிற்கும். ஸ்பார்க் பிளக் பழுப்பு நிறமாக இல்லாமல் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். கார்பரேட்டரில் எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் ஒரு நிலையில் நிற்காது. இந்த அறிகுறிகளைக் கண்டதும் பலர் பெரிய ஜெட் போட்டுச் சமாளிக்கிறார்கள். அது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. சந்து அங்கேயே இருக்கும்.

ஆர்.எக்ஸ். 100 இந்தியச் சாலைக்கு வந்தது 1985-ல். 1996-ல் தயாரிப்பு நின்றது. 98 சி.சி., 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக். அதன் கிராங்க் கேஸ் இடது, வலது என்று செங்குத்தாக இரண்டாகப் பிரியும். இரண்டு பாதிகளுக்கும் நடுவில் காகிதப் பேக்கிங் கிடையாது. உலோகத்தின்மேல் உலோகம் உட்காருகிறது. இடையில் ஒரு மெல்லிய பசைப் படலம் மட்டுமே. யமஹா தன் சர்வீஸ் புத்தகங்களில் இந்த இடத்துக்கென்றே 'யமஹா பாண்ட்' என்ற பசையைச் சொல்வது வழக்கம்.

இந்த இணைப்பில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. கேஸைப் பிரித்து வைத்துப் பாருங்கள். முன்பக்கம் கிராங்க் சுற்றும் வட்ட அறை, பின்பக்கம் கியர்பாக்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான சுவர். வெளி விளிம்பில் பசை போட்டுவிட்டு இந்த நடுச் சுவரில் அரைகுறையாக விட்டால், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஆனால் கிராங்க் அறை உறிஞ்சும்போதெல்லாம் கியர் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை; கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போகும். எல்லாரும் கிளட்ச் பக்கத்து ஆயில் சீலைக் குற்றம் சொல்லி, அதை மாற்றி, மறுபடியும் புகை வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

ஆகவே பசையின் வேலை இதுதான். ஒரு பக்கம் பெட்ரோல் ஆவி, மறுபக்கம் கியர் ஆயில், வெளியே காற்று. கிராங்க் கேஸ் கை வைத்தால் சுடும். ஆனாலும் அந்தச் சூட்டைத் தாங்காத இன்ஜின் பசை கடையில் அநேகமாக இல்லை. அதனால்தான் 300 டிகிரி என்ற எண் நமக்கு ஒன்றுக்கும் உதவாது என்கிறேன். இரவும் பகலும் பெட்ரோலில் நனைந்தபடி ஊதாமல், கரையாமல், உரியாமல் நிற்குமா என்பதே கேள்வி.

கடைகளில் கிடைப்பவற்றை இந்தக் கேள்வியோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எல்லாரும் கையில் எடுப்பது சிலிக்கான். கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று நிறம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். டியூபிலிருந்து வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக மாறும். எண்ணெய்க்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயில் சம்ப்புக்கு அதைவிட வசதியான பொருள் இல்லை. ஆனால் சாதாரண சிலிக்கான் ரப்பரைப் பெட்ரோலில் போட்டு வைத்தால் உறிஞ்சி ஊதும், வலுவிழக்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கண்ணாடித் தட்டில் சிறு துளி பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உரித்தெடுத்து, மூடி போட்ட சிறு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி அதில் போடுங்கள். மறுநாள் எடுத்து விரலில் நசுக்கிப் பாருங்கள். இந்தச் சோதனையைக் காயும் பசை எதற்கும் செய்யலாம், ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலிக்கான் வகையையே சில தயாரிப்பாளர்கள் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் போடச் சொல்கிறார்கள். ஸ்டீல் (STIHL) என்ற நிறுவனத்தின் சிறிய மரம் அறுக்கும் இயந்திரங்கள் சிலவற்றில் இன்ஜினின் அடிப்பாதி அந்த வகைப் பசையில்தான் உட்காருகிறது. அது ஏன் தாங்குகிறது? இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே காகித அளவுகூட இல்லாத படலமாக நசுங்கியிருக்கும் சிலிக்கானுக்குப் பெட்ரோல் படும் ஓரம் மிகக் குறைவு. கெடுவது அந்தப் படலம் இல்லை; உள்பக்கம் பிதுங்கி வழிந்து தொங்கும் வரப்புதான் முதலில் ஊதும். ஊதினால் பிய்யும். பிய்ந்தால் பேரிங்குக்கு ஆயில் போகும் துளையையோ போர்ட்டையோ தேடிப் போகும். என் வண்டியில் நடந்தது அதுதான். பசையின் தவறு பாதி என்றால், கை தாராளத்தின் தவறு பாதி. சிலிக்கான்தான் கிடைக்கிறது என்றால், மிக மெல்லியதாக, உள் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, விரல் நுனியால் தடவிவிட்டுப் போடுங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கானை மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், அலுமினியத்துக்கு ஆகாது. குளியலறைச் சந்து அடைக்கும் டியூப்கள் பல இந்த ரகம்.

அடுத்தது ஷெல்லாக். பழைய மெக்கானிக்குகள் 'செல்லாக்' என்பார்கள். அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து எடுத்த பிசினை ஆல்கஹாலில் கரைத்துச் செய்வது. லாம்பிரட்டா, ராஜ்தூத் காலத்துப் பட்டறைகளில் இதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் தடவி இறுக்கினால் கல்லாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அது பழுதில்லாமல் வேலை செய்தது; அதைப் பூசியவர்களின் கைத்திறனில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் பெட்ரோல் மாறிவிட்டது. 2022-ல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2025-ல் 20 சதவீதம். எத்தனால் ஆல்கஹால்தான். ஆல்கஹாலில் கரைத்துச் செய்த பொருளை ஆல்கஹால் கலந்த பெட்ரோல் நனைக்கும் இடத்தில் பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. 'அப்பா காலத்திலிருந்தே இதுதான் போடுறோம்' என்று யாராவது சொன்னால் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

எம்-சீல், அரால்டைட் மாதிரி எபாக்ஸி ரகங்களை இணைப்பில் வைக்கவே கூடாது. பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது கேஸ் உடையும். ஆர்.எக்ஸ். 100-க்கு நல்ல கேஸ் ஜோடி இன்று எளிதில் கிடைப்பதில்லை.

இனி, போடக்கூடியவை. முதல் வகை, பாதி மட்டும் காய்கிற பசைகள். யமஹா பாண்ட் 4, ஹோண்டா பாண்ட் 4, திரீபாண்ட் 1184 எல்லாம் இந்தக் குடும்பம். டியூபிலிருந்து வரும்போது தேன் பதம். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகப் போனதும் முழுக்க இறுகாமல், கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு, ரப்பருக்கும் மெழுகுக்கும் நடுவான பதத்தில் நிற்கும். பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் ஈடுகொடுக்கவே செய்யப்பட்டது. இன்ஜின் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது கூடவே அசையும். மறுமுறை பிரிக்கும்போது ரப்பர் சுத்தியால் நான்கு தட்டுத் தட்டினால் கேஸ் விட்டுக்கொடுக்கும். பூசியபின் சில நிமிடம் காத்திருந்து, விரலில் ஒட்டும் பதம் வந்ததும் மூட வேண்டும். நம் சித்திரை வெயிலில் அந்தச் சில நிமிடமும் வேண்டாம். மின்விசிறிக்கு நேரே வைத்துப் பூசினால் மூடுவதற்குள் காய்ந்துவிடும்.

ஹைலோமார் என்று நீல நிறப் பசை ஒன்று உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இன்ஜின்களுக்காக இங்கிலாந்தில் உருவானது. அது காய்வதே இல்லை. எத்தனை வருடம் ஆனாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். பரப்பு நன்றாக இருந்து, அடிக்கடி பிரித்துப் பார்க்கிற ஆள் என்றால் அது அருமையான பொருள். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

இரண்டாவது வகைதான் என் தேர்வு: அனரோபிக் பசை. லாக்டைட் 518, 515, 510 போன்றவை. இதன் குணமே வேறு. சிலிக்கானுக்குக் காற்று பட்டால்தான் காயும். இதற்குக் காற்று போனால்தான் காயும். கூடவே உலோகத்தின் தொடுகையும் வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் வெர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் பயனுக்குக் கொண்டுவந்த குடும்பம் இது. நட்டு போல்ட் கழலாமல் இருக்கப் போடும் சொட்டுப் பசையும் இதன் சகோதரம்தான். பாட்டிலை முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டே விற்பார்கள். நிறைத்தால் உள்ளேயே இறுகிவிடும். அளவு குறைவு என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

இந்தக் குணத்தால் டூ ஸ்ட்ரோக்குக்கு இரண்டு பெரிய வசதிகள். பூசிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாக வேலை செய்யலாம். கிராங்க்கைச் சரியாக உட்கார வைக்கும்வரை பசை திரவமாகவே காத்திருக்கும். இன்னொன்று, உள்ளே பிதுங்கிய மிச்சம் காற்றுப் படுவதால் இறுகாது. முதல் நாள் ஓட்டத்திலேயே பெட்ரோலில் கழுவிக்கொண்டு போய்விடும். துண்டாகப் பிய்ந்து எதையும் அடைக்காது. கண்ணாடித் தட்டுச் சோதனை இதற்கு மட்டும் பலிக்காது என்று சொன்னதும் இதனால்தான். திறந்த தட்டில் அது காயவே காயாது.

குறையும் உண்டு. கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியை இது நிரப்பாது. யாரோ முன்பு திருப்புளியை நுழைத்து நெம்பிப் பிரித்த கேஸில் ஆழமான கீறல் இருந்தால், அந்தக் கீறலுக்குள் பசை இறுகாமல் திரவமாகவே கிடக்கும். இரும்பைவிட அலுமினியத்தில் மெதுவாகப் பிடிக்கும். ஒரு முழு நாள் விடுங்கள். சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும். ஆகவே கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே வரும் பிளாஸ்டிக் பாகங்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வாங்கும்போது நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. லாக்டைட் என்றாலும், நம் சென்னை அனபாண்ட் என்றாலும், ஒரே பெயரில் சிலிக்கானும் வரும், அனரோபிக்கும் வரும். டியூபின் பின்பக்கம் திருப்பி, எந்த வகை, பெட்ரோலுக்கு என்ன சொல்கிறது, எவ்வளவு இடைவெளி நிரப்பும் என்ற மூன்றையும் படியுங்கள். கேஸ் பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தால் அனரோபிக். சிறு தழும்புகள் இருந்தால் பாதி காயும் ரகம். ஆழமாகக் கீறியிருந்தால் பசைக்கடைக்கு முன் லேத் பட்டறைக்குப் போக வேண்டும்.

பேக்கிங் வருகிற இடங்களில் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. சிலிண்டருக்கு அடியில் வரும் காகிதப் பேக்கிங்கை விட்டுவிட்டு வெறும் பசையில் உட்கார வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேக்கிங்கின் தடிமன் இன்ஜின் கணக்கில் ஒரு பகுதி. அதை எடுத்தால் சிலிண்டர் அவ்வளவு கீழே இறங்கும். போர்ட்டுகள் திறக்கும் நேரம் மாறும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் போய்விடலாம். சரியான தடிமனில் பேக்கிங் போடுங்கள். பரப்பு நன்றாக இருந்தால் அதன்மேல் ஒன்றும் பூச வேண்டாம். சில இன்ஜின்களில் கிராங்க் கேஸுக்கு நடுவிலும் பேக்கிங் உண்டு. அங்கேயும் இதே கதை, அதை எடுத்துவிட்டால் கிராங்க்கின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு இடம் குறையும். கிளட்ச் கவர் அடிக்கடி திறப்பது. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும், அடுத்த முறை கிழியாமல் வரும். ஹெட்டுக்கும் சைலன்சர் வாய்க்கும் எந்தப் பசையும் வேண்டாம். அங்கே எரியும் வாயு நூற்றுக்கணக்கான டிகிரியில் வருகிறது. அதற்கென்று உள்ள உலோகப் பேக்கிங்தான் வேலை செய்யும்.

ஆயில் சீலைச் சுற்றிப் பசை அப்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது. உதடு தேய்ந்த சீலுக்கு வெளியே எவ்வளவு அப்பினாலும் கசிவு உதட்டில்தான் இருக்கிறது. இன்ஜினைப் பிரித்த பிறகு பழைய சீலைத் திரும்பப் போடுவது மகா கஞ்சத்தனம். இதில் ஒரு விலக்கு: ராஜ்தூத் ஆர்.டி. 350 மாதிரி மேல், கீழ் என்று கிடைமட்டமாகப் பிரியும் கேஸ்களில் சீல் இரண்டு பாதிகளுக்கும் நடுவே சிக்கி உட்காரும். அங்கே இணைப்புக் கோடு சீலைத் தொடும் மூலையில் ஒரு பொட்டுப் பசை அவசியம்.

பசையை எது என்று முடிவுசெய்தபின், மீதி வேலை முழுக்கச் சுத்தம். பழைய பசையைச் சுரண்ட இரும்பு பிளேடு வேண்டாம். அலுமினியம் மெத்தென்றது, ஒரு கோடு விழுந்தால் விழுந்ததுதான். மூங்கில் சிம்பைச் சாய்வாகச் சீவிக்கொண்டால் அருமையாகச் சுரண்டலாம். தின்னரில் ஊறவைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். பட்டறைகளில் எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவுவது பழக்கம். அழுக்குப் போக அது சரி. ஆனால் பெட்ரோல் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் பசை விட்டுவிடும். கடைசிக் கழுவல் அசிட்டோனிலோ பிரேக் கிளீனரிலோ இருக்கட்டும். கழுவியபின் விரலால் தொடாதீர்கள். டவல் பின்கள் என்று சொல்லும் சிறு குழல்கள் இரண்டும் இருக்கின்றனவா, நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் மூடிய கேஸை எந்தப் பசையும் காப்பாற்றாது.

பூசுவது ஒரு பாதியில் மட்டும் போதும். படலம் உலோகத்தின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூ துளையையும் உள்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கோடு அறுபடாமல் போகட்டும். நடுச் சுவரை மறக்க வேண்டாம். பேரிங் அறைக்கும் ஆயில் துளைகளுக்கும் அருகே ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். கேஸ் கையால் அழுத்தியே உட்கார வேண்டும். உட்காராததை ஸ்க்ரூ போட்டு இழுக்காதீர்கள். உள்ளே ஏதோ ஷாஃப்ட் இடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு நடுவிலிருந்து வெளியே, குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்குமேல் இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும். கிராங்க் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு மறுநாள்வரை தொடாமல் விடுங்கள்.

மறுநாள் செய்ய வேண்டியதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. எனக்கு அதுதான் வருத்தம். சிலிண்டர், ஹெட் எல்லாம் ஏற்றியபின், இன்ஜினை வண்டியில் மாட்டுமுன், காற்றடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டில் பழைய பி.பி. பார்க்கும் கருவி இருக்கிறதா? கையில் கட்டும் பட்டையைக் கழற்றிவிட்டு, காற்றடிக்கும் உருண்டையையும் முள் காட்டும் மீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டர் 300 வரை காட்டும். 300 மி.மீ. பாதரசம் என்பது 0.4 பார், கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ. மெக்கானிக்குகள் டூ ஸ்ட்ரோக் கேஸைச் சோதிக்கும் அழுத்தமும் அதே 6 பி.எஸ்.ஐ.தான். டாக்டருக்கென்று செய்த பொருள் நமக்கு அளவெடுத்துச் செய்தது போல அமைந்திருக்கிறது.

சைலன்சர் வாயைச் சைக்கிள் டியூப் ரப்பரும் ஒரு தகடும் வைத்து அடையுங்கள். கார்பரேட்டர் வரும் வாயில் அதேபோல் அடைத்து, நடுவே ஒரு சிறு குழாயை இறுக்கமாகச் செருகி, பி.பி. உருண்டையை மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக் இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே கொண்டுபோய் நிறுத்தினால் போர்ட்டுகள் எல்லாம் திறந்து கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகிவிடும். மெல்ல அழுத்தி 300-க்கு ஏற்றி விடுங்கள். கம்ப்ரசரை ஒருபோதும் மாட்டாதீர்கள். ஆயில் சீல் தெறித்துவிடும். நிமிடத்துக்கு 50-க்கு மேல் முள் இறங்கினால் இன்ஜினை மாட்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. புதிதாகச் சேர்த்த இன்ஜினில் நான் அதைவிடக் கறார்: ஐந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

இறங்கினால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு, முதலில் நீங்கள் அடைத்த அடைப்புகளில் தடவுங்கள். பாதி நேரம் கசிவது அங்கேதான். பிறகு சிலிண்டர் அடி, கேஸ் இணைப்பு, மேக்னெட் பக்கத்து சீல். எங்கும் குமிழ் இல்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால், கியர்பாக்ஸின் மூச்சுக் குழாயில் ஒரு டியூபை மாட்டி அதன் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். அங்கே குமிழ் வந்தால் கிளட்ச் பக்கத்து சீல், அல்லது அந்த நடுச் சுவர். முடிந்தால் உறிஞ்சியும் ஒருமுறை பாருங்கள். சீலின் உதடு கிராங்க் அறையைப் பார்த்திருப்பதால், உள்ளிருந்து அழுத்தும்போது இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும், உறிஞ்சும்போதுதான் விட்டுக்கொடுக்கும்.

இரண்டாம் முறை என் இன்ஜினைச் சேர்த்தபோது அந்த அண்ணனின் பட்டறை பெஞ்சில்தான் இந்தச் சோதனையைச் செய்தோம். முள் 300-ல் நின்றது. ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏத்துப்பா" என்றார்.